இரட்டைப் பிறைச் சங்கம்

786
பலாபத்வல
18.12.1966

பெயர் தெரியாத சகோதரிக்கு,

இந்தக் கடிதத்தை உங்களிடம் தருகிற கிளினிக் தாதி சந்திரகாந்தா மிஸ்ஸியைத் தயவுசெய்து ஏச வேண்டாம். உங்கள் பெயரையும் ஊரையும் அவர் எனக்குச் சொல்லவில்லை. நானும் விடாமல் கேட்டுப் பார்த்தேன். கடைசியில், "நீங்க எழுதித் தாங்க, நான் அவங்க கையில குடுக்கிறேன். பதில் எழுதுறதும் எழுதாததும் அவங்க விருப்பம்" என்றார். அதனால்தான் இப்படி மொட்டையாக எழுதுகிறேன்.

என் பெயர் ஹமீமா. வயது முப்பத்தாறு. பலாபத்வலையில் மெயின் ரோட்டோரம் என் கணவர் ஜவாஹிருக்கு மிளகு, கராம்பு வாங்கி விற்கிற கடை. கடைக்குப் பின்னால் வீடு. பிள்ளைகள் இல்லை. போன மாதம் கண்டிக் கிளினிக்கில் டாக்டர் ஒரு துண்டில் என் வருத்தத்தின் பெயரை எழுதித் தந்தார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். வாய்க்குள் நுழையாத பெயர். "இது இங்க மிச்சம் குறைவு. நான் பார்த்ததே உங்களோட சேர்த்து ரெண்டு பேர்தான்" என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை. ரெண்டு பேர் என்பது மட்டும் விழுந்தது. அந்த இன்னொருவர் யார், காலையில் எழும்பும்போது அவருக்கும் தரை பாயைப் போலச் சுருளுமா என்று பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

இப்போது ஒரு விஷயம் சொல்லப் போகிறேன். இதை என் வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. வருத்தம் ஊசியோடு சுகமாகிவிட்டது என்றுதான் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை நோன்புக்குப் பிறை பார்க்கிற நாள். சின்ன வயதிலிருந்தே என் கண்ணுக்கு எங்கள் தெருவில் பெரிய பெயர். மேகத்துக்குள் பிறை ஒளிந்திருந்தாலும் ஹமீமா பிடித்துவிடுவாள் என்பார்கள். என் கணவரின் தங்கச்சி ஜுனைதா என் கையைப் பிடித்து வீட்டுக்கு வெளியே வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பார்த்தேன். மலைக்கு மேலே பிறை இருந்தது. இரண்டு பிறை. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, கொஞ்சம் சரிந்து, இரண்டும் ஒரே மெல்லிசு. அப்படி ஓர் அழகை நான் பார்த்ததே இல்லை. பயமாகவும் இருந்தது. "தெரியுதா மதினி?" என்றாள் ஜுனைதா. "தெரியுது, ஒண்ணு" என்றேன்.

பிறையை யாராவது எண்ணிச் சொல்வார்களா? ஜுனைதா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

உங்களுக்கும் இரண்டு தெரியுமா? வேறு ஒன்றும் எழுத விருப்பமில்லாவிட்டால் அதை மட்டும் எழுதினால் போதும்.

உங்களை யாரென்றே தெரியாத, ஆனால் உங்களைத் தவிர வேறு யாரிடமும் இதைக் கேட்க முடியாத,
ஹமீமா


நெல்லிமலைத் தோட்டம், மேல் டிவிசன்
இறத்தோட்டை
11.1.1967

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

தெரியும். எனக்கும் இரண்டு தெரியும்.

இதை முதலில் எழுதிவிட்டேன். இனி மற்றதை எழுதுகிறேன்.

என் பெயர் புஷ்பவதி. வயது இருபத்தேழு. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். முன்பு கொழுந்து பறித்தேன். மலை ஏற முடியாமல் போனதும் பிள்ளைக்காம்பராவில் போட்டார்கள். தாய்மார் மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற இடம் அது. தொட்டில் சேலைகளை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். பின்னேரத்தில் மூடுபனி கதவு வழியாக உள்ளே வந்துவிடும். அப்போது பத்துத் தொட்டில் இருபதாகும். நான் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எண்ணுவேன். அப்போது பத்தாகிவிடும். நீங்களும் பொத்துவீர்களா?

உங்கள் கடிதத்தைக் கிளினிக் வாங்குப் பலகையிலேயே உட்கார்ந்து படித்தேன். தரை சுருளும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்குச் சுருளாது. எனக்குத் தரையே இல்லாமல் போய்விடும். முழங்காலுக்குக் கீழே பனிக்குள் நடப்பது மாதிரி இருக்கும். எங்கே வைக்கிறேன் என்று குனிந்து பார்த்துத்தான் காலை வைக்க வேண்டும். இதைச் சொல்ல நாலு வருஷமாக ஆள் தேடிக்கொண்டிருந்தேன் என்பது உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது.

அம்மா இல்லை. அப்பா நாகமுத்துவும் நானும்தான் லயத்து அறையில். நான் முதலில் தள்ளாடியபோது, "நாகமுத்து மக காலையிலயே ஊத்திக்கிட்டா" என்று சிரித்தார்கள். அப்பா என்னோடு சேர்ந்து நடக்க மாட்டார். பத்தடி முன்னே போய்விடுவார்.

இப்போது அப்படி இல்லை. எனக்குச் சுகமாக வேண்டும் என்று அப்பா எங்கள் மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தார், மூன்று வருஷம் என்னைத் தீமிதிக்க வைப்பதாக. போன வைகாசித் திருவிழாவில் முதல் தடவை மிதித்தேன். மற்றவர்கள் ஓடினார்கள். நான் மெதுவாக நடந்தேன். அன்றிலிருந்து ஒருவரும் சிரிப்பதில்லை. நான் தள்ளாடினால் "ஆத்தா அசையிறா" என்று விலகி வழி விடுகிறார்கள். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்.

உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று எழுதுங்கள். அம்மா என்று எழுதிவிட்டேன். ஒன்பது வயது வித்தியாசத்துக்கு அது சரியாகப் படவில்லை.

புஷ்பவதி


786
பலாபத்வல
22.1.1967

தங்கச்சி புஷ்பவதிக்கு,

அம்மாவாம்! நல்ல காலம், பாட்டி என்று எழுதவில்லை. எங்களில் மூத்த சகோதரியை ராத்தா என்போம். அப்படியே கூப்பிடுங்கள்.

உங்கள் கடிதத்தைக் குசினியில் அரிசிப் பெட்டிக்குப் பின்னால் வைத்து நாலு தரம் படித்தேன். கண்ணைப் பொத்துவதா? பொத்தாமல் எப்படிச் சோறு போடுவது? போன கிழமை ஜுனைதா, "மதினி யாருக்குக் கண்ணடிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

நாம் ஒரு சங்கம் வைப்போம் தங்கச்சி. தோட்டத்தில் தொழிற்சங்கம் இருக்கிறது. இங்கே வியாபாரிகளுக்குச் சங்கம் இருக்கிறது. பிறையை இரட்டையாகப் பார்க்கிறவர்களுக்குத்தான் ஒன்றும் இல்லை. நான் தலைவி, நீங்கள் காரியதரிசி. "கொஞ்சம் நடந்தா எல்லாம் சரியாப்போகும்" என்று நம் சங்கத்தில் யாரும் சொல்லக்கூடாது. ஒவ்வொரு கடிதத்திலும் வேறு எவருக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். இப்போதைக்கு விதி இவ்வளவுதான். பிறகு கோபம் வரும்போது கூட்டிக்கொள்கிறேன்.

என்னுடையது இது. பெருநாளன்று வெந்நீரில் குளித்தேன். குளித்து முடித்து எழும்பப் பார்த்தால் கால்கள் இல்லை. வெந்நீர் இரண்டையும் கரைத்துவிட்டது. கண்ணும் மங்கி, ஒரு கதவு நாலு கதவாகத் தெரிந்தது. எந்தக் கதவைத் திறப்பது என்று தெரியாமல் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தேன். வாளியில் பச்சைத் தண்ணீர் இருந்தது. அதை மேலே ஊற்றி ஊற்றி உட்கார்ந்திருக்க, எங்கேயோ ஊருக்குப் போனது போல் போன கால்கள் மெதுவாகத் திரும்பி வந்தன. வெளியே எல்லோரும் பெருநாள் குளிப்பு இவ்வளவு நேரமா என்று சத்தம். டாக்டரிடம் கேட்டேன். இந்த வருத்தத்துக்குச் சூடு ஆகாது என்றார்.

அதனால்தான் ஒன்று கேட்கப் போகிறேன். கோபிக்கக்கூடாது. உங்கள் கோயிலைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன், அது எனக்கு உரிமையில்லாத இடம். காலைப் பற்றி மட்டும் கேட்கிறேன். எல்லோரும் ஓடிய நெருப்பில் நீங்கள் மெதுவாக நடந்தீர்கள். உங்களுக்குச் சுட்டதா?

ராத்தா


நெல்லிமலைத் தோட்டம்
20.2.1967

அன்புள்ள ராத்தா,

ஒரு மாதமாகப் பதில் எழுதவில்லை. தபால் போகவில்லை என்று எழுதலாம் என்று நினைத்தேன். தபால் தினமும் போகிறது.

சுடவில்லை.

சுடாதபோது, ஆத்தா என்னைத் தொட்டுவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். நான் யாரையும் ஏமாற்றவில்லை ராத்தா. குழிக்குக் கிட்டே போனதும் இரண்டு குழி தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் போவதாக நினைத்துக்கொண்டு போனேன். சிவப்பு வெளிச்சம், வேப்பிலை மணம், உடுக்குச் சத்தம். கால் இருக்கிற இடமே தெரியவில்லை. மிதந்து போனேன். அந்தப் பக்கம் பாற்குழியில் இறங்கியதும் முழங்கால் மடிந்து விழுந்தேன். அருள் வந்து விழுந்தாள் என்று சொல்லித் தூக்கினார்கள். நீங்கள் வெந்நீரைப் பற்றி எழுதிய பிறகுதான் அது என்னவென்று தெரிகிறது.

மூன்றாம் நாள் பிள்ளைக்காம்பராவின் சிமெந்துத் தரை ஈரமாக இருந்தது. பிள்ளைகள் தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள் என்று ஏசிக்கொண்டே துடைத்தேன். துடைக்கத் துடைக்க ஈரம் என் பின்னாலேயே வந்தது. அப்போதுதான் காலைத் தூக்கிப் பார்த்தேன்.

வலது பாதம் முழுக்க வெந்திருந்தது. வலி இல்லை. வலித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். டிஸ்பென்சரி ஐயாவிடம் சோற்றுப்பானை கவிழ்ந்துவிட்டது என்று பொய் சொல்லி மருந்து வாங்கினேன். ஆற மூன்று மாதமானது. இரண்டு விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அப்பா வீட்டில் இருக்கும்போது சேலையை இழுத்து மூடிக்கொண்டு உட்காருவேன்.

இதை உங்களுக்கு மட்டும்தான் சொல்கிறேன். சங்கத்து விதி. வருகிற மே மாதம் பத்தொன்பதாம் தேதி இரண்டாம் வருஷம் இறங்க வேண்டும்.

புஷ்பவதி


பலாபத்வல
1.3.1967

புஷ்பவதி,

இறங்கக்கூடாது. தலைவி சொல்கிறேன், ராத்தா சொல்கிறேன், எந்த முறையில் சொன்னால் கேட்பீர்களோ அந்த முறையில் சொல்கிறேன். இந்தக் கால் போனால் வேறு கால் எந்தக் கடையில் வாங்குவது? உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து என் வீட்டுத் தரையில் ஈரத்தைக் கண்டாலே என் காலைத் தூக்கிப் பார்க்கிறேன்.

அப்பாவிடம் இன்றைக்கே காலைக் காட்டுங்கள். நீங்கள் காட்டாவிட்டால் நான் இறத்தோட்டைக்கு பஸ் ஏறி வந்து லயத்து வாசலில் நின்று சொல்வேன். வருவேனா மாட்டேனா என்று பாருங்கள். உண்மையைச் சொல்ல இவ்வளவு பயமா?

ஹமீமா


நெல்லிமலைத் தோட்டம்
14.3.1967

ஹமீமா அம்மா அவர்களுக்கு,

உண்மையைச் சொல்ல இவ்வளவு பயமா என்று கேட்டிருந்தீர்கள். பிறை ஒண்ணு என்று சொன்னவர் நீங்கள்தானே?

நான் சொன்னால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. இப்போது விலகி வழி விடுகிறவர்கள், ஏமாற்றினாள் என்பார்கள். என்னிடம் கைப்பிள்ளைகளை விடப் பயப்படுவார்கள். அப்பா மறுபடியும் பத்தடி முன்னே போவார். நீங்கள் கணவரும் கடையும் உள்ளவர். எனக்குக் கிடைத்தது இந்த ஒரு வருஷம்தான். லயத்திலிருந்து கோயில் வரைக்கும் அப்பா என் கையை விடாமல் நடந்தார். பாதம் எனக்கு எப்படியும் தெரிவதில்லை. அந்தக் கை தெரிகிறது.

நீங்கள் இங்கே வர வேண்டாம். எழுதவும் வேண்டாம்.

புஷ்பவதி


786
பலாபத்வல
28.4.1967

தங்கச்சிக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். ஆறு கிழமை எழுதாமல் இருந்தேன். என் வாயைத் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், அது எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்வார்கள்.

எழுத்து கோணலாக இருக்கும். என் வலது கை மூன்று கிழமையாகச் சொல் கேட்பதில்லை. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். வாசிக்க முடியாத இடம் வந்தால் நல்லதாக ஏதாவது போட்டு வாசித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னது சரி. நான் அறைக்குள் ஒளிந்துகொண்டு உங்களை வெளியே வரச் சொன்னேன். அதற்கு என்னை மன்னிக்க வேண்டும்.

இந்த மாதம் பிறை தெரிந்த அன்று, கடையைச் சாத்திவிட்டு வந்த ஜவாஹிரை வளவுக்குக் கூப்பிட்டேன். "எனக்கு ரெண்டு பிறை தெரியுது" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"அப்ப நோன்புக்குப் பார்த்தது?"

"அதுவும் ரெண்டுதான்."

"அப்ப நானும் ஒங்களுக்கு ரெண்டு பேரா?"

"பின்னேரத்துல மட்டும்."

"ரெண்டு பேரும் ஒரே மாதிரியா ஈக்கிறோம்?"

"ஒருத்தர் கொஞ்சம் சரிஞ்சு நிப்பார்."

பிறகு அவர் அழுதார். வீட்டில் என்னைச் சோம்பேறி என்று எல்லோரும் சொன்னபோது அவரும் சேர்ந்து சொல்லியிருந்தார், அதற்காக அழுதார் என்று நினைக்கிறேன். மறுநாள் காலையில் குசினியிலிருந்து கிணற்றடி வரைக்கும் நான் பிடித்துக்கொண்டு நடக்கக் கமுகம் சலாகையில் கைப்பிடி கட்டத் தொடங்கிவிட்டார். ஜுனைதாவுக்குத்தான் கவலை. "அப்ப நான் புடிச்ச நோன்பு?" என்கிறாள். அவள் பார்த்தது ஒன்றுதானே, நோன்புக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருக்கிறேன்.

எல்லா வீட்டிலும் இப்படி நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் அப்பாவை எனக்குத் தெரியாது. அதனால் இறங்காதீர்கள் என்றும் இனிச் சொல்லவில்லை. இறங்கினால், மூன்று நாள் காத்திருக்காமல் அன்றைக்கே பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். பார்த்ததை எனக்கு எழுதுங்கள். சங்கத்திலிருந்து ஆளை நீக்குகிற விதியை நான் போடவில்லை. நெருப்பில் இறங்கியவரும் இருக்கலாம்.

பத்தொன்பதாம் தேதி பின்னேரம் நான் கிணற்றடியில் பச்சைத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது உங்களுக்கு உதவாது என்று தெரியும். ஆனாலும் உட்கார்ந்திருப்பேன்.

ராத்தா


நெல்லிமலைத் தோட்டம்
10.6.1967

அன்புள்ள ராத்தா,

கோணல் எழுத்தை முழுவதும் வாசித்தேன். வாசிக்க முடியாத இடம் இரண்டு இருந்தது. இரண்டிலும் "புஷ்பா" என்று போட்டு வாசித்தேன். வீட்டில் அம்மா இருந்தபோது என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

பத்தொன்பதாம் தேதி மஞ்சள் சேலை கட்டி, கையில் காப்பும் கட்டி, குழிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கிட்டே போகும் முன்பே சூடு அடித்தது. முழங்கால் கரையத் தொடங்கியது. குழி இரண்டானது. பக்கத்தில் நின்ற அப்பாவும் இரண்டானார். இரண்டு பேருக்கும் கண் கலங்கியிருந்தது.

அப்போது பலாபத்வலையில் ஒரு கிணற்றடியில் இரண்டு கால்கள் தண்ணீரில் இருப்பது நினைவுக்கு வந்தது. சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, நாலு வருஷத்தில் முதல் தடவையாக என் பாதத்தில் குளிர் தெரிந்தது. தெரிந்ததோ, தெரிந்தது என்று நான் நினைத்தேனோ. அப்பாவின் கையைப் பிடித்தேன்.

"அப்பா, எனக்குச் சுடாதுப்பா. அது அருள் இல்ல. காலு செத்து நாலு வருஷமாச்சு. போன வருஷமும் வெந்துச்சு. ஒங்களுக்குக் காட்டல."

உடுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்தேன். அத்தனை பேருக்கும் முன்னால் அவர் மண்ணில் உட்கார்ந்தார். என் வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துப் பார்த்தார். ஒட்டிப்போன விரல்களைத் தடவினார். தடவியது எனக்குத் தெரியவில்லை ராத்தா, பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பூசாரி இராமசாமி ஐயா, "காப்புக் கட்டியாச்சு நாகமுத்து. எறங்காம விட்டா தோட்டத்துக்கே ஆகாது" என்றார்.

"நேந்துக்கிட்டது நானு. அவ இல்ல" என்றார் அப்பா. "என் கையில கட்டுங்க."

நேர்ந்தவரே இறங்கினால் நேர்த்தி தீரும், அது எங்களில் வழக்கம்தான். பூசாரி கொஞ்சம் யோசித்துவிட்டு என் கையிலிருந்த காப்பை அவிழ்த்து அப்பாவுக்குக் கட்டினார். ஐம்பத்தெட்டு வயது அவருக்கு. குழியில் பாதி போனதும், "சுடுதே! தாயே, சுடுதே!" என்று கத்திக்கொண்டு ஓடினார். தீ சுடும் என்று குழிக்குள் நின்று யாரும் சத்தமாகச் சொல்லி எங்கள் தோட்டத்தில் கேட்டதில்லை. நான் அழுதேன். நடுவில் சிரிப்பும் வந்தது.

நான் பயந்ததில் பாதி நடந்தது. ஏமாற்றிவிட்டாள் என்று சிலர் பேசுகிறார்கள். வழி விடுவது நின்றுவிட்டது. இரண்டு தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவருவதில்லை. எனக்கு அது வருத்தமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சங்கத்துக்குப் பொய் எழுத மாட்டேன். ஆனால் அப்பா கையை விடவில்லை. பாதம் கொப்பளித்ததால் அவரும் மெதுவாகத்தான் நடக்கிறார். இருவரும் சேர்ந்து தள்ளாடிக்கொண்டு போகிறோம். இரவில் படுக்கும் முன் என் பாதத்தை அவர் பார்க்கிறார், அவருடையதை நான் பார்க்கிறேன்.

இனி முக்கியமான செய்தி. நேற்றுப் பின்னேரம் எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கீழ் டிவிசன் காத்தாயி மட்டும் கடைசியாக வந்தாள். வந்தவள் பிள்ளையைத் தூக்காமல் தொட்டிலுக்கு முன்னால் நின்றாள்.

"அக்கா, எனக்கு இருக்கிறது ஒரு புள்ளதானே?"

"ஆமா, ஒண்ணுதான்."

"பொழுது சாஞ்சா ரெண்டு தெரியுதுக்கா. சித்திரையிலிருந்து. எதத் தூக்குறதுன்னு தெரியாம நிக்கிறேன். பைத்தியம்னு சொல்லிருவாங்கன்னு யாருக்கும் சொல்லல. அன்னைக்கு குழிக்கு முன்னால நீங்க சொன்னதக் கேட்டேன்."

நம்முடைய வருத்தம்தானா, வேறு ஏதாவதா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். அடுத்த மாதக் கிளினிக்குக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். நீங்களும் வாருங்கள் ராத்தா. ஜவாஹிர் அண்ணனைப் பிடித்துக்கொண்டு வாருங்கள். உங்கள் முகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. வாங்கில் மூன்று பேருக்கு இடம் பிடித்து வைக்கும்படி மிஸ்ஸியிடம் சொல்லுங்கள்.

காத்தாயியிடம், "ஒரு கண்ணப் பொத்திக்கிட்டுப் பாரு" என்றேன். பொத்தினாள். தொட்டிலில் ஒரு பிள்ளை இருந்தது. அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

இருவரும் வெளியே வந்தோம். பனி விலகி, மலைக்கு மேலே பிறை வந்திருந்தது. அதற்கு மட்டும் நாங்கள் கண்ணைப் பொத்தவில்லை.

உங்கள் தங்கச்சி
புஷ்பா